முப்பத்தெட்டு வருடக் கறையும் ஒரு மொசைக் தரையும்

அம்மா வீட்டுக் குளியலறை ஆறடிக்கு ஐந்தடி. 1986-இல் வீடு கட்டியபோது போட்ட மொசைக் தரை. கதவைத் திறந்ததும் இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி, எதிரே வெந்நீர்த் தவலை இருந்த இடம், வலது மூலையில் தண்ணீர் வெளியேறும் ஜாலி. எந்தக் கறை எங்கே இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு இப்போதும் சொல்லிவிடுவேன். குழாய்க்கு நேர்கீழே செம்பழுப்பில் ஒரு கோடு. தவலையைத் தாங்கிய இரும்பு முக்காலியின் கால்கள் பதிந்து மூன்று துரு வட்டங்கள். பக்கெட் வைக்கும் இடத்தில் வெள்ளையாக, தடவினால் சொரசொரவென்று ஒரு படலம். ஜாலியைச் சுற்றிக் கறுப்பு. கதவோரம், தண்ணீர் பட்டால் மறைந்து காய்ந்தால் தெரியும் ஒரு வெளிறிய திட்டு. இவை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தரை முழுக்க ஒரு மங்கல் சாம்பல்.

அம்மாவுக்கு 76 வயது. 2024 ஆடி மாதம் ஒருநாள் காலையில், குளித்து முடித்து எழுந்தபோது கால் வழுக்கி, குழாயைப் பிடித்துக்கொண்டு எப்படியோ நின்றுவிட்டார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "ஒண்ணுமில்ல கண்ணு, தரை கொஞ்சம் வழவழங்குது" என்று போனில் சாதாரணமாகச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அந்த வாரமே பெங்களூரிலிருந்து கிளம்பி வந்துவிட்டேன். மூன்று வாரம் தங்கினேன். அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதையும், அதற்கு ஐந்து வருடம் முன்பு நான் செய்த ஒரு பெரிய தவறையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

டைல்ஸ் போட்டுவிடலாம் என்று சொல்லாத ஆள் இல்லை. பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டினால் தரை மட்டம் ஏறி, தண்ணீர் நிலைப்படி தாண்டி வெளியே வரும். உடைத்துப் போட்டால் அடியில் போகும் பழைய குழாய்கள் தாங்குமா என்ற பயம். அதைவிட, பளபளப்பான டைல்ஸ் ஈரத்தில் இன்னும் வழுக்கும். அதனால் இருக்கிற தரையைச் சரிசெய்வது என்று முடிவு செய்தோம்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரின் மேற்குப் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணி அணைத் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர். ஒன்றை நல்ல தண்ணி என்போம், இன்னொன்றை உப்புத் தண்ணி. உப்பு என்று பெயர்தானே தவிர, தரையில் படிவது பாறையிலிருந்து கரைந்து வரும் கால்சியமும் மெக்னீசியமும். இந்த முறை போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் பணம் கட்டிப் பரிசோதித்தேன். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று அளவு வைத்திருக்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் தண்ணீர் 600-ஐயும் தாண்டியிருந்தது. 600 என்றே வைத்துக்கொண்டாலும், 15 லிட்டர் பக்கெட் ஒன்றில் 9 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எல்லாம் தரையில் தங்காது, ஓடிவிடும். ஓடாமல் நின்று காய்கிற தண்ணீர் மட்டும் தன் பங்கை வைத்துவிட்டுப் போகும். அதுவும் காய்ச்சிய தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம் படியும். தவலைக்குள் ஓடு மாதிரி வெள்ளையாகக் கட்டுமே, அதே பொருள்தான் தரையிலும்.

இந்தத் தண்ணீரோடு குளியல் சோப்பு சேர்ந்தால் நுரை வருவதற்கு முன்னால் திரிதிரியாகப் பிரியும். கால்சியமும் சோப்பும் சேர்ந்த அந்தப் பிசுக்கு தண்ணீரில் கரையாது. தரை முழுக்க இருந்த சாம்பல் படலம் அதுதான். அம்மாவை வழுக்கிவிட்டதும் அதுதான்.

இப்போது 2019 பொங்கலுக்குப் போகிறேன். போகிக்கு முந்தின வாரம் வீடு சுத்தம் செய்யும்போது, குளியலறைக்கென்று கடையில் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கினேன். 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்து, வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சொன்னது. நான் வாங்கியபோது யாரும் எதையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவோரம் தண்ணீர் கூடக் கலக்காமல் ஊற்றினேன். சுர்ரென்று நுரை பொங்கியது. கறை எரிந்து போகிறது என்று சந்தோஷமாகத் தேய்த்தேன். கழுவிவிட்டுப் பார்த்தால் புதுத் தரை போல இருந்தது. மறுநாள் காய்ந்த பிறகு அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளிறி இருந்தது. இரண்டே மாதத்தில் மற்ற இடங்களைவிட அங்கேதான் அழுக்கு அதிகமாக அப்பியது. அம்மா அதைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோனார்.

அதே நாளில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜாலி ஓரக் கறுப்புக்கு அம்மா காலையிலேயே பிளீச்சிங் பவுடர் தூவி வைத்திருந்தார். எனக்குத் தெரியாது. நான் ஊற்றிய ஆசிட் தரையின் வாட்டத்தில், அதாவது சரிவில், ஓடிப்போய் அந்தப் பவுடரில் கலந்தது. மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி, அடுத்த மூச்சில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. கண்ணில் நீர் கொட்டியது. தட்டுத்தடுமாறி வெளியே ஓடி, கொல்லையில் உட்கார்ந்து அரைமணி நேரம் இருமினேன். அது குளோரின் வாயு. காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையை ஒட்டியே தேங்கும். தரையில் குந்தி உட்கார்ந்து தேய்க்கிறவர் மூக்குக்குத்தான் முதலில் வரும். ஆசிட் என்றில்லை, புளிப்பான எந்தக் கழுவும் திரவமும், வினிகரும் எலுமிச்சையும் உட்பட, பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது. டாய்லெட் கழுவும் திரவங்கள் பலவற்றிலும் அதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பிளீச்சிங் போடும் நாளில் வேறு எதுவும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழு நாளும் நிறையத் தண்ணீரும் போக வேண்டும். நெடி வந்துவிட்டால் கழுவிவிடலாம் என்று நிற்காமல் முதலில் வெளியே வந்துவிட வேண்டும்.

சரி, 2024-க்கு வருவோம். எதிர் வீட்டில் பழைய ஹாலுக்கு மொசைக் பாலிஷ் போட ஒரு பெரியவர் மெஷினோடு வந்திருந்தார். நாற்பது வருடமாக அதே வேலை. அம்மா கூப்பிட்டு டீ கொடுத்து, குளியலறையைக் காட்டினார். அவர் விளக்கைப் போடச் சொன்னார், பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தைத் தரையில் மெதுவாக ஓட்டினார். பக்கெட் வைக்கும் இடத்துக்கு வந்ததும் நகம் ஏறி இறங்கியது. கதவோரத் திட்டில் நகம் சிறு சிறு குழிகளில் விழுந்து எழுந்தது.

"அம்மிணி, கறைன்னா மேடா இருக்கோணும். இது பள்ளமுங்க. கல்லு கரைஞ்சிருக்குது. யாரு ஆசிட் ஊத்துனது?"

நான்தான் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மொசைக்கில் பதித்திருக்கும் சில்லு எல்லாம் சலவைக்கல் என்றார். சலவைக்கல்லும் சுண்ணாம்புதான், தண்ணீர் விட்டுப் போகும் வெள்ளைப் படிவும் சுண்ணாம்புதான். இரண்டும் ஒரே வகை. ஒன்றைக் கரைக்கிற ஆசிட் இன்னொன்றையும் கரைக்கும், நடுவில் இருக்கிற சிமெண்டையும் சேர்த்துக் கரைக்கும். 2019-இல் நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட நுரையில் பாதி, அப்பா காலத்துத் தரையின் கல். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பழைய குளியலறைத் தரையோடு போராடும் எல்லோருக்கும் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்: எதையும் ஊற்றும் முன் தரையை நன்றாகக் காயவிட்டு நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேடாக இருந்தால் படிவு, எடுக்கலாம். பள்ளமாக இருந்தால் தேய்மானம், அதை எந்தத் திரவமும் எடுக்காது. ஈரத்தில் இரண்டும் மறைந்து ஒரே மாதிரி தெரியும் என்பதால் காய்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். மேடும் இல்லை பள்ளமும் இல்லை, நிறம் மட்டும் மாறியிருக்கிறது என்றால் துருவோ பூஞ்சையோ சாயமோ உள்ளே ஊறியிருக்கிறது. அதற்கு வைத்தியம் வேறு.

பெரியவர் போன பிறகு மூன்று நாள் வெறும் சோப்புப் பிசுக்கை மட்டும் எடுத்தேன். அது போகாமல் மற்ற எதுவும் கறைவரை போய்ச் சேராது. பாதி பக்கெட் நல்ல வெந்நீரில் இரண்டு கைப்பிடி சலவை சோடா. சமையலுக்குப் போடும் சோடா உப்பு இல்லை, துணி துவைக்கும் சோடா. அதில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் திரவம். சதுரம் சதுரமாக ஊற்றி, காய்ந்துவிடாமல் கால்மணி நேரம் ஊறவிட்டு, கெட்டியான நைலான் பிரஷ்ஷால் தேய்த்தேன். கையுறை போடாவிட்டால் சோடா தோலை உரித்துவிடும். முதல் நாள் வந்த தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில், கொழகொழவென்று இருந்தது. அதை ஜாலிக்குத் தள்ளாமல் முறத்தில் வாரி எடுத்தேன். மூன்றாவது நாள் தண்ணீர் தெளிந்து வந்தது. அம்மா வெறுங்காலோடு நின்று பார்த்து, "இப்ப கால் பிடிக்குது" என்றார். உண்மையில் நான் வந்த காரியம் அன்றே முடிந்துவிட்டது. சோடா காரம் என்பதால் சலவைக்கல்லைத் தின்னாது. மொசைக் தரைக்கு வாரம் ஒருமுறை இது ஒன்றே போதும்.

பிசுக்கு போனதும் தரையில் பச்சைச் சில்லுகள் தெரிந்தன. நான் ஆறு வயதிலிருந்து குளித்த தரை அது. கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்து துரு. எங்கள் போர் தண்ணீரில் இரும்பும் உண்டு. பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், பக்கெட்டில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் செம்மண் மாதிரி தங்கும். காற்று பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாக மாறுவதால் அப்படி. துருக்கறைக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவதைப் பல வீட்டில் பார்க்கிறேன். அது பூஞ்சைக்குச் சரி, துருவை எடுக்காது. கரைந்த இரும்பையும் துருவாக்கி இன்னும் பதிய வைக்கும்.

துருவுக்கு உள்ள மருந்து ஆக்சாலிக் ஆசிட். மொசைக் பாலிஷ் போடுகிறவர்கள் கடைசியாகத் தேய்க்கும் வெள்ளைப் பொடி அதுதான், பெரியவரிடமே ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். அது இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றுகிறது. கால் லிட்டர் வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் கரைத்து, பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, முக்காலி வட்டத்தின் மேல் மட்டும் வைத்தேன். இதுவும் ஆசிட்தான், சலவைக்கல்லைத் தொடத்தான் செய்யும். அதனால் பத்து நிமிஷத்துக்கு மேல் விடவில்லை. துணியை எடுத்தபோது அதன் அடியில் இளம் பச்சை கலந்த மஞ்சளில் ஒரு வட்டம் இறங்கியிருந்தது, தரையில் வட்டம் ஒரு சாயல் குறைந்திருந்தது. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சோடாத் தண்ணீர் தெளித்து, மறுபடி கழுவினேன். நாளைக்கு ஒருமுறை, ஆறு நாள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் வைத்திருந்தால் துருவோடு கல்லின் வழவழப்பும் போயிருக்கும். ஆறு நாளில் இரண்டு வட்டம் முழுக்கப் போய்விட்டது. மூன்றாவது இன்னும் மங்கலாக இருக்கிறது. அந்த இடத்தில் சிமெண்டின் ஆழம்வரை ஊறியிருக்கிறது என்று பெரியவர் சொன்னார், அதோடு விட்டுவிட்டேன்.

முக்காலிக்குப் பக்கத்தில் நீலம் கலந்த கறுப்பில் ஒரு திட்டு இருந்தது. பூஞ்சை என்று நினைத்துப் பிளீச்சிங் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. இன்னொரு நாள் அதன் வேறு ஓரத்தில் ஆக்சாலிக் ஒரு சொட்டு விட்டேன். உடனே வெளுத்தது. அப்புறம்தான் காரணம் புரிந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அரப்பும் சீயக்காயும் கரைத்து வைக்கும் இடம் அது. அவற்றில் உள்ள துவர்ப்புச் சத்து முக்காலியின் இரும்போடு சேர்ந்து கறுத்திருக்கிறது. மருதாணியை இரும்புச் சட்டியில் ஊற வைத்தால் கறுப்பதும், அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே முறைதான். இந்த ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும் வழி எனக்கு மிகவும் உதவியது. பிளீச்சிங்கில் வெளுத்தால் பூஞ்சை, ஆக்சாலிக்கில் வெளுத்தால் இரும்பு சம்பந்தப்பட்டது. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் மட்டும் வைக்காதீர்கள்.

ஜாலி ஓரத்துக் கறுப்பு பிளீச்சிங்கில் வெளுத்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பவுடர் கலக்கி, அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து, துணியில் நனைத்துக் கால்மணி நேரம் மூடி வைத்தேன். பவுடராகவே தூவினால் அதுவும் ஒரு வெள்ளைப் படிவாகத் தங்கிவிடும். ஒரு வாரத்தில் கறுப்பு திரும்பி வந்துவிட்டது. தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்தது: தண்ணீர் ஜாலிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகிறது. முப்பத்தெட்டு வருடத்தில் அந்த மூலை லேசாக இறங்கி வாட்டம் கெட்டுப்போயிருக்கிறது. தண்ணீர் நிற்கிற இடத்தில் என்ன போட்டாலும் கறுப்பு திரும்பி வரும். அங்கே மருந்து தேடுவதைவிட கொத்தனாரைத் தேடுவது நல்லது.

வெள்ளைப் படிவுதான் கடினமான வேலை. எலுமிச்சையும் வினிகரும் இயற்கையானவை, ஒன்றும் ஆகாது என்று பலரும் சொன்னார்கள். சலவைக்கல்லுக்கு எலுமிச்சைச் சாறும் ஆசிட்தான். சமையல் மேடையில் சலவைக்கல் போட்டவர்களுக்குத் தெரியும், எலுமிச்சை பிழிந்த இடத்தில் துடைத்தும் போகாத மங்கல் வட்டம் விழும். புளியும் அப்படியே. வினிகரையும் சோடா உப்பையும் கலந்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களை நானும் நம்பியிருக்கிறேன். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நுரைத்து முடிந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர்.

மொசைக்கில் மேடாகப் படிந்ததைத் தேய்த்து எடுப்பது ஒன்றே வழி. பெரியவர் தன் மெஷினில் தேய்ந்துபோன பாலிஷ் கல் துண்டுகள் இரண்டு கொடுத்தார், ஒன்று 120 நம்பர், ஒன்று 320. நம்பர் ஏற ஏறக் கல் மென்மை. முதலில் பிளேடு ஸ்கிராப்பரைப் படுக்கவைத்துத் தள்ளினேன். முட்டை ஓடு மாதிரி செதில் செதிலாக வந்தது. பிறகு தண்ணீர் தெளித்துக்கொண்டே 120-ஐ வட்டமாக ஓட்டினேன். கல்லுக்கு அடியில் முதலில் கரகரவென்ற சத்தம் வரும். படிவு தீர்ந்து மொசைக்கைத் தொட்டதும் அந்தச் சத்தம் மாறி, வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓர் இழுவை கையில் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு 320. ஒரு கை அகல இடத்துக்கு இருபது நிமிஷம் ஆனது, ஒரு நாளைக்கு நான்கு கை அகலத்துக்கு மேல் என் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. கல் துண்டு கிடைக்காதவர்கள் பெயிண்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் 220-இலும் 400-இலும் வாங்கி, ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்க்கலாம். ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும், தூசி நெஞ்சுக்குப் போகக் கூடாது. வருகிற சாம்பல் சேற்றைத் துணியால் ஒற்றி வெளியே கொட்டுங்கள். ஜாலிக்குள் போனால் உள்ளே இறுகிக் குழாயை அடைத்துவிடும். இரும்பு நார் மட்டும் வேண்டாம். அதன் துணுக்குகள் தரையில் ஒட்டி, நாலே நாளில் புதிய துருப்புள்ளிகள் கிளம்பும்.

சுவர் டைல்ஸுக்கு இந்தக் கவலை இல்லை, அது மினுக்குப் பூச்சு உள்ள பீங்கான். அங்கே இருந்த வெள்ளைத் திட்டுகளுக்கு, கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, டிஷ்யூ பேப்பரை நனைத்துச் சுவரில் ஒட்டிவைத்தேன். திரவம் வழிந்து ஓடாமல் கறையின் மேலேயே நிற்கும், தேய்க்க வேண்டிய வேலை பாதியாகக் குறையும். ஆனால் டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் வொயிட் சிமெண்ட் சந்துகளை முதலில் நல்ல தண்ணீரால் நன்றாக நனைத்துவிட வேண்டும். தண்ணீர் குடித்து நிறைந்த சந்து ஆசிட்டை அதிகம் உறிஞ்சாது. சுவரிலிருந்து வழிவது மொசைக்கில் விழாமல் கீழே ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் அந்தக் கதவோரத் திட்டு. அதை நானே எதுவும் செய்ய முடியாது என்று தெரிந்துவிட்டது. பெரியவர் எதிர் வீட்டு வேலை முடிந்ததும் சின்ன மெஷினோடு வந்தார். குழிகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, வொயிட் சிமெண்டில் தரையின் நிறத்துக்குக் கலர்ப்பொடி சேர்த்துக் குழைத்து, துணியால் அழுத்தி அழுத்திக் குழி நிறைய இட்டார். நிறம் ஒத்துப்போக நான்கு முறை கலந்து, ஒவ்வொன்றையும் காயவைத்துப் பார்த்தார், ஈரத்தில் இருக்கும் நிறம் காய்ந்தால் வெளுக்கும் என்பதால். அதே கையோடு ஜாலி மூலையைக் கொத்தி வாட்டம் எடுத்துக் கொடுத்தார். ஒரு வாரம் ஈரம் காயாமல் சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்தோம். அந்த வாரம் அம்மா கொல்லையில் தட்டி கட்டிக் குளித்தார். பிறகு 60, 120, 320 என்று வரிசையாகக் கல் மாற்றி, கதவோரத்தை மட்டும் அரைத்தார். முழுத் தரைக்கும் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். "வேண்டாமுங்க, வழுக்கும்" என்று அம்மாவே சொல்லிவிட்டார். அவர் 320-ஓடு நிறுத்திக்கொண்டார். குளியலறைக்கு அதுவே சரி. கால் பிடிமானத்துக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.

இப்போது தவலையும் முக்காலியும் கொல்லைக்குப் போய்விட்டன. சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினேன், செம்பழுப்புக் கோட்டுக்கு மூலகாரணம் அந்தச் சொட்டுதான். கதவுக்குப் பின்னால் ஒரு வைப்பர் தொங்குகிறது. அம்மா குளித்து முடித்ததும், வேலைக்கு வருகிற அக்கா ஒரே இழுப்பில் தண்ணீரை ஜாலிக்குத் தள்ளிவிடுகிறார். அரை நிமிஷ வேலை. தண்ணீர் நின்று காயவில்லை என்றால் சுண்ணாம்பு படிய வழியில்லை. கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணியை ஊற்றித் தள்ளினால் இன்னும் நல்லது, சிறுவாணி வராத நாட்களில் அதை விட்டுவிடுகிறோம். சுவரில் பிடித்து எழ ஒரு கைப்பிடியும் பொருத்தியாயிற்று. அதைப் பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

பெங்களூருக்குக் கிளம்பும் அன்று, மீதி இருந்த ஆக்சாலிக் பொட்டலத்தைப் பெரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பார்ப்பதற்கு அச்சு அசல் சர்க்கரை போல வெள்ளையாக இருக்கும், வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். கண் பார்வை குறைந்த ஒருவர் தனியாக இருக்கும் வீட்டில் அதை எந்த அலமாரியில் வைத்துவிட்டு வருவது என்று எனக்குத் தெரியவில்லை.